மெய்ப்பொட்டு

என் முகத்துக்கு ஒரு தடவைகூடப் பச்சை வந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு யாராவது கண்டுபிடித்து, நான் அசடு வழிய வேண்டாம்.

பச்சை என்று சொல்வது மெய்ப்பொட்டை. அது இல்லாத காலம் ஒன்று இருந்ததை நாம் வேகமாக மறந்துகொண்டிருக்கிறோம். இயந்திரங்களே முகம், குரல், கண்ணீர் எல்லாவற்றையும் செய்யத் தொடங்கிய காலம் அது. போனைத் திறந்தால் யாரோ ஒரு பெண் சமையல் எண்ணெய்க்காகக் கதறி அழுவாள். அப்படி ஒரு பெண் உலகத்திலேயே இருக்கமாட்டாள். ஜனங்கள் எதையும் நம்பாமல் போனார்கள். பெற்ற மகன் வீடியோவில் கூப்பிட்டால்கூட, "நீ நெசமாவே நீதானா?" என்று கேட்டுவிட்டுத்தான் பேசினார்கள். அப்போதுதான் அந்தக் கேமரா வந்தது. பேசுகிறவரின் தோலுக்கடியில் ரத்தம் ஓடுவதையும், குரல் நடுங்குவதையும், கண்மணி விரிவதையும் படித்து, இந்த ஆள் சொல்வதை மனதார உணர்கிறாரா இல்லையா என்று அது சொல்லிவிடும். உணர்ந்தால் கிளிப்பின் மூலையில் பச்சைப் பொட்டு. இல்லையென்றால் சாம்பல். சாம்பல் கிளிப்பை எந்தச் செயலியும் தானாகப் பரப்பாது. யாராவது கையால் ஒருவருக்கு அனுப்பினால் உண்டு. இனிமேல் பொய் விலை போகாது என்று எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். இனி மெய்யை விற்க ஆரம்பிப்போம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்தச் சமயத்தில் நான் கோயம்புத்தூர் கணபதியில், 'உதிரி' என்ற ஆன்லைன் கடைக்கு விளம்பரக் கிளிப் எழுதிக்கொண்டிருந்தேன். குக்கர் கேஸ்கட், மிக்ஸி ஜார் பிளேடு, கிரைண்டர் பெல்ட், இவைதான் சரக்கு. முழுச் சாமான் எதுவும் கிடையாது. முதலாளி கெங்குசாமிக்கு அதில் ஒரு பெருமை. "புதுசு விக்கறதுக்கு ஆயிரம் பேரு இருக்கறாங்க குலசேகரா. பழச ஓட வெக்கறதுக்கு நாமதான் இருக்கறோம்" என்பார். என் வேலை, ஒவ்வொரு பொருளுக்கும் பன்னிரண்டு விநாடியில் ஒரு கிளிப். பார்ப்பவர் அதை அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும், அவர் இன்னொருவருக்கு. பதின்மூன்றாவது விநாடி என்றால் கட்டைவிரல் தள்ளிவிட்டுப் போய்விடும்.

சரி, ஒரு ரப்பர் வளையத்துக்காக மனதார நெகிழ்கிற மனிதரை எங்கே போய்த் தேடுவது? முதலில் சீரியலில் மாமியாராக நடிக்கும் ஓர் அம்மாள் வந்தார். அழகாகக் கண் கலங்கினார். சாம்பல். அடுத்து ஒரு சமையல் டீச்சர், அவரும் சாம்பல். கெங்குசாமியே கேமரா முன் நின்றார், கடையின் மேல் அவருக்கு உயிர், கேஸ்கட்டின் மேல் இல்லை போலிருக்கிறது. கடைசியில் நானே நின்றேன். வந்த சாம்பலைப் பார்த்துவிட்டு கெங்குசாமி, "உன்னையப் பாத்ததும் அது கறுத்தே போச்சப்பா" என்றார். கிளிப் பரவாததால் ஆர்டர் குறைந்துகொண்டே போனது. பேக்கிங் பிரிவில் இருந்த ஒன்பது பெண்களும் அரை நாள் வேலை செய்துவிட்டு அரை நாள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனி மாதம் ஒரு காலையில் இன்னொரு நடிகையைக் கூட்டி வந்து, பேக்கிங் மேசைக்கு முன்னாலேயே படமெடுத்துக்கொண்டிருந்தோம். அந்தப் பெண் கேஸ்கட்டை வளையல் மாதிரி மணிக்கட்டில் போட்டுக்கொண்டு சிரித்தாள். பின்னால் டேப் ஒட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒரு குரல், "ஏனுங் அம்மிணி, அது கையில போடறதில்லீங்க" என்றது.

சாந்தாமணி. முப்பத்தெட்டு வயது. மெலிந்த உடம்பு, முகத்தில் எப்போதும் முகமூடி. ஆறு வருடத்துக்கு முன் அவளுக்குச் சிறுநீரகம் மாற்றியிருந்தார்கள், தூசி ஆகாது. அவள் வந்து குக்கர் மூடியைக் கவிழ்த்து, கேஸ்கட்டை விளிம்புக்குள் வைத்து, கட்டைவிரலால் ஒரு சுற்று அழுத்திக் காட்டினாள். அந்த விரல் போன போக்கைப் பார்த்ததும் எனக்கு என்னவோ தோன்றியது. "முகமூடியைச் சித்தெ எடுத்துட்டு, இதைச் சொல்றியாம்மா?" என்று தாளை நீட்டினேன்.

அவள் படித்தாள்: "என் நேரத்தைக் காப்பாற்றிய 'உதிரி' கேஸ்கட்டுக்கு என் மனமார்ந்த நன்றி!"

சாம்பல். மறுபடியும் சாம்பல். மூன்றாவது தடவை அவள் தாளைக் கீழே வைத்துவிட்டாள்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. இப்பிடி யாருங்க பேசுவாங்க? நன்றிங்கறது மேடையில சொல்றது. கல்யாணப் பத்திரிகைல போடறது. நம்ம மனுசங்க நமக்கு ஒண்ணு செஞ்சாங்கன்னா, அவிங்ககிட்டப் போய் நன்றின்னு சொன்னா அடிக்க வருவாங்க."

"அப்ப என்ன சொல்லுவே?"

"என்ன சொல்றது? சாப்புடச் சொல்லுவோம்."

"அதையே சொல்லு."

அவள் மூடியைக் குக்கரில் மாட்டினாள். ஒரு நொடி எங்கேயோ பார்த்தாள். பிறகு கேமராவைப் பார்த்து, "ஆவி ஒழுகலைங்க. சோறு ஆயிப்போச்சு. வாங்க, ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போங்க" என்றாள்.

அப்படியொரு பச்சையை நான் அதுவரை பார்த்ததில்லை. நாற்று நட்ட வயல் மாதிரி இருந்தது. சாயங்காலத்துக்குள் அந்தக் கிளிப் ஈரோடு, தேனி, காரைக்கால், கோலாலம்பூர் எல்லாம் போய்விட்டது. கேஸ்கட் வேண்டாதவர்கள்கூட அனுப்பினார்கள். "யாருன்னே தெரியாத ஒருத்தி சாப்பிடக் கூப்பிடுறா, அழுகை வருது" என்று ஒருவர் எழுதியிருந்தார். கெங்குசாமி அன்றைக்கு எல்லாருக்கும் போளி வாங்கிக் கொடுத்தார்.

"அந்த ஒரு நொடி எதை நெனச்சே?" என்று அவளைக் கேட்டேன்.

சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னாள். அவள் கணவர் நடராசுவுக்குச் சர்க்கரை நோய், அவரால் சிறுநீரகம் கொடுக்க முடியவில்லை. தர முன்வந்தது அவருடைய அக்கா வேலாத்தாள், அதாவது சாந்தாமணி 'அண்ணி' என்று கூப்பிடும் நாத்தனார். கல்யாணமான நாள் முதல் இரண்டு பேருக்கும் ஆகாது. கோலம் போட்டால் சண்டை, குழம்பு வைத்தால் சண்டை. ரத்த உறவு இல்லாதவர் உறுப்பு கொடுக்க வேண்டுமென்றால் ஒரு கமிட்டி விசாரிக்கும். யாராவது மிரட்டினார்களா, ஆசை காட்டினார்களா என்று கேட்பார்கள். வேலாத்தாளிடமும் கேட்டார்கள், தம்பி பெண்டாட்டிக்கு ஏன் கொடுக்கிறீர்கள் என்று.

"அவ இல்லாட்டி நான் யாரோடீங்க சண்டை போடறதுன்னு கேட்டாங்க சார்" என்றாள் சாந்தாமணி. "கமிட்டிக்காரங்க எல்லாருமே சிரிச்சுட்டாங்க. நான் கதவுக்கு வெளிய பெஞ்சில உக்காந்துட்டு இருந்தேன். என்னால சிரிக்க முடியல. தாங்க முடியாம அழுதேன். கையில சாப்பாட்டுக் கேரியரோட அண்ணி வெளிய வந்து, சாப்புடுன்னாங்க. அந்தப் பெஞ்சைத்தான் நெனச்சேன்."

கேட்டுவிட்டு நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஒரு நல்ல மனிதன் தலைகுனிந்து போயிருப்பான். நான், "இதையே தினம் நெனைக்க முடியுமா?" என்று கேட்டேன்.

முடிந்தது. தினம் மூன்று கிளிப். மிக்ஸி பிளேடுக்கு அந்தப் பெஞ்ச், கிரைண்டர் பெல்ட்டுக்கு அந்தப் பெஞ்ச், குக்கர் வெயிட்டுக்கு அந்தப் பெஞ்ச். சொற்களை நான் மாற்றி மாற்றி எழுதினேன். கடைசி வரி மட்டும் மாறாது. 'ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போங்க.' பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லி விளையாடினார்கள். பேக்கிங்கில் ஒன்பது பேர் இருபத்தாறு பேரானார்கள். பழனியம்மா என்ற விதவை, வேலை கிடைத்த முதல் நாள், சாந்தாமணிக்கு ஒரு கொத்து முருங்கைக்கீரை கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனாள். கெங்குசாமி சாந்தாமணிக்குத் தூசி படாத தனி அறை கட்டிக் கொடுத்தார். எல்லாரும் நல்லவர்களாகத்தான் இருந்தோம். அதனால்தான் எங்களுக்கு எதுவும் கண்ணில் படவில்லை.

புரட்டாசியில் பச்சை வெளிற ஆரம்பித்தது. முதலில் விளக்குக் கோளாறு என்றேன். பிறகு கேமரா என்றேன். கேமராவைப் பார்க்க உக்கடத்திலிருந்து இம்தியாஸ் வந்தார். கேமரா வந்த நாளிலிருந்து இந்தப் பொட்டுக் கேமராக்களைத்தான் பழுது பார்க்கிறார். அரை மணி நேரம் திருகிவிட்டு, சாந்தாமணி எடுத்த கிளிப்புகளை வரிசையாக ஓடவிட்டார்.

"எத்தனை எடுத்தீங்க?"

"முந்நூத்திப் பன்னெண்டு."

"ஒரே ஆளு? ஒரே ஞாபகமா?" அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். "மிஷின்ல ஒண்ணும் இல்ல பாய். அம்மாதான் தேய்ஞ்சுட்டாங்க."

"அப்படின்னா?"

"ஞாபகம்ங்கறது போட்டோ இல்ல, எடுத்துப் பாத்துட்டு அப்படியே உள்ள வெக்கறதுக்கு. ஒவ்வொரு தடவ வெளிய எடுக்கும்போதும் புதுசா எழுதித்தான் உள்ள வெக்கறோம். வீட்ல உக்காந்து வருசத்துக்கு நாலு தடவ நெனச்சா அது இன்னும் கெட்டியாகும். தெனம் மூணு தடவ எடுத்து, பெல்ட்டு, பிளேடுன்னு ஒட்டி ஒட்டி வெச்சா, கொஞ்ச நாள்ல பெல்ட்டுதான் மிஞ்சும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "நடிக்கறவங்களுக்கு இந்தக் கஷ்டம் இல்ல. அவங்க பொய்யைத்தான் செலவு பண்றாங்க. அது எத்தனை எடுத்தாலும் குறையாது. ஈரோட்ல ஒரு டிரைவர் இருந்தாரு, டயர் கம்பெனிக்கு. அவரு மகளை நெனச்சுத்தான் பேசுவாரு. இப்ப மக வந்தா, யாரோ வந்த மாதிரி உக்காரச் சொல்றாராம்."

"திரும்ப வருமா?"

"எனக்குத் தெரியாது பாய். நான் கேமராவைத்தான் ரிப்பேர் பண்றேன்."

அன்றைக்கு மதியம் சாந்தாமணியின் அறைக்குப் போய், தொண்டையைக் கனைத்து, சுற்றி வளைத்து விஷயத்தைச் சொன்னேன். அவள் டேப் ஒட்டுவதை நிறுத்தவில்லை.

"தெரியுங்க சார். ரெண்டு மாசமாத் தெரியும்."

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவீங்க. அங்க இருபத்தாறு பேரு இருக்கறாங்களே." டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள். "தெனம் மத்தியானம் அண்ணி கேரியர் கொண்டாராங்க. ஆறு வருசமா கொண்டாராங்க. முந்தியெல்லாம் கேரியர் சத்தம் கேட்டாலே நெஞ்சு அடைச்சுக்கும். இப்ப, கூரியர்காரர்கிட்ட பார்சல் வாங்கற மாதிரி வாங்கி வெக்கறேன். என் உடம்புக்குள்ள அவிங்க கிட்னி ஓடிட்டிருக்குது சார். அவிங்க மொகத்தப் பாத்தா எனக்கு ஒண்ணுமே தோணல. நான் என்ன ஜென்மம்னு எனக்கே பயமா இருக்குது."

அப்போதுதான் முதல் தடவையாக அழுதாள். அந்த அழுகைக்குப் பச்சை வருமா என்று ஒரு கணம் நான் கேமராவைத் திரும்பிப் பார்த்தேன். இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தத் திரும்பல் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

கெங்குசாமியிடம் போனேன். "அம்மிணியை நிறுத்து" என்றார். பிறகு, "தீபாவளிக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு நல்லா ஓடினாப் போதும் குலசேகரா. அத்தனை பேரையும் வெச்சுக்கலாம். இல்லாட்டி பாதிப் பேரை எப்பிடி மொகம் பாத்து வீட்டுக்குப் போகச் சொல்றது?" என்றார். அவர் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கட்டாயப்படுத்தியிருந்தால் அவரைத் திட்டிக்கொண்டாவது இருந்திருப்பேன்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. என் வாழ்க்கையின் மகா முட்டாள்தனமான யோசனை அது. தேய்ந்த ஞாபகத்தைப் புதுப்பிக்க வேண்டும், அவ்வளவுதானே? நாத்தனாரையே எதிரே உட்காரவைத்து, சாந்தாமணி அவரிடம் மனம்விட்டு ஒரு வார்த்தை சொல்லட்டும். இத்தனை வருடம் சொல்லாத வார்த்தை. சொன்னால் ஊற்றுக்கண் திறந்துவிடும், கிளிப்பும் கிடைத்துவிடும். சாந்தாமணியும் சம்மதித்தாள். தண்ணீரில் தத்தளிக்கிறவள் எதைத்தான் பிடிக்கமாட்டாள்?

ஞாயிற்றுக்கிழமை, சின்னவேடம்பட்டியில் அவர்கள் வீட்டுச் சமையலறை. பட்டாணி டப்பாவுக்கும் புளி டப்பாவுக்கும் நடுவில் கேமராவை வைத்தேன். நடராசு வெளியே வண்டி கழுவிக்கொண்டிருந்தார். அடுப்பில் குக்கர் இருந்தது. வேலாத்தாள் கேரியருடன் உள்ளே வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், கட்டையான உருவம், இடுப்பில் சொருகிய முந்தானை. ஸ்டூலில் உட்காரச் சொன்னதும் சந்தேகமாக என்னைப் பார்த்தார்.

சாந்தாமணி அவர் எதிரில் நின்றாள். நான் எழுதிக் கொடுக்கவில்லை, அவளே சொன்னாள். "அண்ணி, நீங்க எனக்கு உசுரு குடுத்தீங்க. நான் உங்களுக்கு நன்றி சொன்னதே இல்லீங்க. இப்பச் சொல்றேன். ரொம்ப நன்றிங்க."

கேமராவைப் பார்த்தேன். சாம்பல்.

வேலாத்தாள் திகைத்துப் போனார். "ஏனுங் தம்பி, இவளுக்கு என்ன ஆச்சு? டாக்டரு ஏதாச்சும் சொல்லிட்டாங்களா? எதுக்கு எங்கிட்ட இப்பிடியெல்லாம் பேசறா?"

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். பெஞ்ச், முந்நூற்றுப் பன்னிரண்டு கிளிப், இம்தியாஸ், ஈரோட்டு டிரைவர். சொல்லச் சொல்ல, நான் செய்த காரியம் எவ்வளவு அசிங்கமானது என்று என் வாயிலிருந்தே எனக்குக் கேட்டது. சாந்தாமணி முகத்தை மூடிக்கொண்டு, "உங்களப் பாத்தா எனக்கு ஒண்ணுமே தோணலீங்கண்ணி. மன்னிச்சுக்குங்க" என்றாள்.

வேலாத்தாள் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்பாடா" என்றார்.

எங்கள் இருவருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"ஆறு வருசம் தம்பி! ஆறு வருசமா இவ என்னையச் சாமியாட்டப் பாத்துட்டு இருந்தா. காரம் எச்சா போட்டாலும் சரீங்கண்ணி. பருப்பு வேகலைன்னாலும் சரீங்கண்ணி. சாமிகிட்ட யாராச்சும் சண்டை போடுவாங்களா? எனக்கு எப்பிடி இருக்கும்? கமிட்டில நான் என்ன சொன்னேன்? சண்டை போடறதுக்கு ஆளு வேணும்னு சொன்னேன். அந்த ஆபீசருங்க சிரிச்சாங்க. நான் வெளையாட்டுக்கா சொன்னேன்? பொறந்த வீட்லயும் சரி, கட்டின வீட்லயும் சரி, எம்பேச்சுக்குப் பதில் பேச்சு பேசுனவ இவ ஒருத்தி. கிட்னியக் குடுத்து ஆளக் காப்பாத்தினேன். சண்டைக்காரி போயிட்டா. குடுத்தது வீணாப் போச்சேன்னு நான்தான் பொக்குன்னு உக்காந்துட்டு இருக்கறேன்."

அந்தச் சமயம் பார்த்துக் குக்கர் சீறியது. விசில் இல்லை. மூடியைச் சுற்றி ஆவி ஒழுகிக் கஞ்சி வழிந்தது. வேலாத்தாள் திரும்பிப் பார்த்தார்.

"நல்லா இருக்குது! ஊரு உலகத்துக்கெல்லாம் கேஸ்கட்டு விக்கறா, இவ ஊட்டுக் குக்கரு ஒழுகுது."

"போன மாசந்தான் மாத்தினேன்" என்றாள் சாந்தாமணி, மூடிய கைகளுக்குள்ளிருந்து.

"மாத்தின லட்சணம் தெரியுது."

சாந்தாமணி கைகளை எடுத்தாள். "நீங்கதான் வரும்போதெல்லாம் மூடியத் தொறக்கத் தெரியாம கரண்டிய உட்டு நெம்பறீங்க. அதுல எந்தக் கேஸ்கட்டுங்க நிக்கும்?"

"எனக்கா தொறக்கத் தெரியாது? நீ பாவாடை கட்டித் திரியறப்பவே நான் அம்பது பேருக்குச் சோறாக்கினவ!"

"சோறாக்குனீங்க, சரி. ரசத்துல உப்பு எங்கீங்க?" அவள் குரல் ஏறியது. "ஆறு வருசமா வாயில வெக்க முடியல. டாக்டரு கம்மியாப் போடச் சொன்னாரு. போடவே வேண்டாம்னு சொன்னாரா? வெந்நீர்ல மெளகத் தட்டிப் போட்டு ரசம்னு கொண்டாந்து வெப்பீங்க. நானும் தெனம் மூச்சப் புடிச்சுட்டுக் குடிக்கறேன்!"

"ஆறு வருசமா அதை ஏண்டி சொல்லல?"

"எப்பிடிச் சொல்றது? கிட்னி குடுத்த மகராசிகிட்ட உப்பு இல்லைன்னு எப்பிடிங்க சொல்றது?"

"வாயத் தொறந்து சொல்றது! இப்பிடித்தான்! இதே மாதிரி கத்திச் சொல்றது!"

இருவரும் மூச்சு வாங்க நின்றார்கள். வேலாத்தாளின் கன்னத்தில் தாரை தாரையாக வழிந்துகொண்டிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. சாந்தாமணி அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கையை நீட்டி, அவர் தோளைப் பிடித்தாள். "அண்ணி" என்றாள். "அண்ணி" என்று மறுபடியும் சொன்னாள். இருட்டறையில் ஸ்விட்சைத் தடவித் தடவிக் கடைசியில் கண்டுபிடித்துவிட்ட மாதிரி இருந்தது அவள் முகம்.

நான் கேமராவை நிறுத்தவே இல்லை. மறந்துவிட்டேன். புளி டப்பாவுக்குப் பக்கத்தில் மெய்ப்பொட்டு எரிந்துகொண்டிருந்தது. முதல் நாள் வந்த பச்சையெல்லாம் இதற்கு உறை போடக் காணாது. குக்கர், கேஸ்கட், உப்பு, இரண்டு பெண்கள். இதில் பன்னிரண்டு விநாடியை எங்கே வெட்ட வேண்டும் என்று என் விரலுக்கு உடனே தெரிந்தது. இது ஓடும். இது ஓடுகிற ஓட்டத்தில் இருபத்தாறு பேரும் அடுத்த தீபாவளி வரைக்கும் இருப்பார்கள்.

சாந்தாமணியும் பொட்டைப் பார்த்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போடறதுன்னா போடுங்க சார்" என்றாள். "பழனியம்மாக்கா எல்லாம் இருக்கறாங்க."

அவள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எனக்குத் தெரியும், இது ஒரு கிளிப்போடு நிற்காது. அடுத்த வாரம் இன்னொரு சண்டை கேட்பேன். மிக்ஸிக்கு ஒரு சண்டை, கிரைண்டருக்கு ஒரு சண்டை. நான்கு மாதத்தில் இந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, என்ன பேசுவது என்று தெரியாமல் நிற்பார்கள். நான் அழித்தேன். திரும்ப எடுக்க முடியாதபடி இரண்டு தடவை அழுத்தி அழித்துவிட்டு, கேமராவை அணைத்துப் பையில் போட்டேன்.

கடை என்ன ஆனது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கெங்குசாமி என்னைத் திட்டவில்லை. தலையில் கை வைத்து உட்கார்ந்தார், பிறகு எழுந்து டீ வரவழைத்தார். சாந்தாமணியின் கை மட்டும் தெரிகிற மாதிரி ஒரு கிளிப் எடுத்தோம். முகம் கிடையாது, பேச்சு கிடையாது. கட்டைவிரல் கேஸ்கட்டை ஒரு சுற்று அழுத்துகிறது, குக்கர் மூடுகிறது, அவ்வளவுதான். உணர்ச்சி இல்லாததால் சாம்பல் பொட்டு. எந்தச் செயலியும் அதைத் தொடவில்லை. ஆனால் அக்கா தங்கைக்கு அனுப்பினாள், அவள் மகன் வெளிநாட்டில் தனியாகச் சமைக்கிற சிநேகிதனுக்கு அனுப்பினான், "உன் குக்கர் ஒழுகுதுன்னியே" என்று ஒரு வரி சேர்த்து. மெதுவாகத்தான் போனது. இருபத்தாறில் பதினெட்டுப் பேரை வைத்துக்கொள்ள முடிந்தது. எட்டுப் பேரை முடியவில்லை. அவர்களில் பழனியம்மாவும் ஒருத்தி. அவளுக்கு வேறு இடம் பிடிக்கப் பொங்கல் வரை அலைந்தோம். அவளிடம் போய்ச் சொன்னது நான்தான். அந்தப் பாரம் என்னுடையது, யார்மேலும் போட்டுவிட்டுப் போக முடியாது.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை இதெல்லாம் தெரியாது. பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போய், செருப்பையும் போட்டுவிட்டேன். ஒரு குடும்பத்தின் அடிவயிற்றில் கைவிட்டுத் துழாவியவன் நான். என்னை அவர்கள் போகவிட்டாலே போதும் என்றிருந்தது. உள்ளே சண்டை மறுபடி ஆரம்பித்திருந்தது. இந்த முறை புளி.

"சார்" என்று கூப்பிட்டாள் சாந்தாமணி.

திரும்பினேன். சமையலறைக் கதவில் கரண்டியுடன் நின்றாள். பின்னால் வேலாத்தாள் கேரியரைத் திறந்து தட்டு வைத்துக்கொண்டிருந்தார். மூன்று தட்டு இல்லை, நான்கு.

"எங்கீங்க போறீங்க? வாங்க, ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போங்க."

முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை அந்த வரியை நான் கேட்டிருக்கிறேன். வெளிச்சம் சரிபார்த்து, விநாடி எண்ணி, மூலையில் நிறம் பார்த்துக் கேட்டிருக்கிறேன். அது ஒரு மனிதனைச் சாப்பிடக் கூப்பிடுகிற வாக்கியம் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, கை கழுவிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அப்போது என் முகத்துக்கு என்ன நிறம் வந்திருக்கும் என்று தெரியாது. கேமரா பைக்குள் இருந்தது.

வேலாத்தாள் ரசம் ஊற்றினார். இரண்டு பெண்களும் நான் வாயில் வைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், தீர்ப்புக்காக.

உப்பு சுத்தமாக இல்லை. இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன்.